ஜூலின் இரண்டு குட்டி நிலவுகள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் வியாழனின் நிலவுகள் பற்றிக் கேட்ட ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, 'கேர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' விளையாடுகிறவர்கள் பொப், பொல் இரண்டுக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இம்முறை கடிதங்கள் குவிந்திருக்கின்றன, கல்லடியில் தொடங்கி பொத்துவில் வரைக்கும். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்தப் பக்கம் முழுவதையும் இதற்கே கொடுக்கிறேன்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். மெக்சிகோவில் இருந்த ஸ்குவாட் என்ற நிறுவனம் 2011 இல் முதலில் வெளியிட்டு, 2015 இல் 1.0 பதிப்பாக முழுமையாக்கிய கணினி விளையாட்டு இது. ரொக்கெட்டை நீங்களே பாகம் பாகமாகப் பூட்டி, கேர்பின் என்ற கோளிலிருந்து ஏவி, சுற்றுப்பாதைக் கணக்குப் பார்த்து வேறு கோள்களுக்குப் போக வேண்டும். அங்கே ஜூல் என்று ஒரு பச்சை நிற ராட்சத வாயுக்கோள் இருக்கிறது, நம்முடைய வியாழனின் இடத்தில். அதற்கு ஐந்து நிலவுகள். லேத், வொல், டைலோ மூன்றும் பெரியவை, ஒழுங்காக வட்டமடிப்பவை. வெளியே, சரிந்தும் நீண்டும் போகும் பாதைகளில் சுற்றுகிற இரண்டு சின்னக் கற்கள்தான் பொப்பும் பொல்லும். கடலும் ஒட்சிசனும் இருப்பதால் எல்லாரும் லேத்துக்குத்தான் ஓடுகிறார்கள். எனக்கு இந்த இரண்டு குட்டிகளில்தான் பிரியம் அதிகம், ஏனென்றால் விண்வெளிப் பயணத்தின் கணக்கு உடம்பில் ஏறுவது இங்கேதான்.

கேள்வி: அக்கா, கேர்பினைச் சுற்றுகிற 'முன்' என்ற நிலவில் சும்மா இறக்கிவிடுவேன். பொல்லில் ஈர்ப்பு ஒன்றுமே இல்லை, இன்னும் லேசாக இருக்கும் என்று போனேன். ஒவ்வொரு தடவையும் கால் பட்டதும் துள்ளிப் புரண்டு விழுகிறது. என்ன பிழை செய்கிறேன்?
*கல்லடியிலிருந்து உயர்தரக் கணிதப் பிரிவு மாணவர்*

பதில்: தம்பி, ஈர்ப்பு குறைவு என்பதால்தான் விழுகிறது. முதலில் எண்களைப் பார்ப்போம். பொல்லின் ஆரை 44 கிலோமீற்றர், மேற்பரப்பில் ஈர்ப்பு ஆர்முடுகல் 0.373 மீற்றர்/செக்கன்², அதாவது பூமியில் இருப்பதில் 26 இல் ஒரு பங்கு. 10 மீற்றர் உயரத்திலிருந்து ஒரு பொருளை விட்டால் பூமியில் ஒன்றரைச் செக்கனுக்குள் தரையில் கிடக்கும். பொல்லில் 7 செக்கனுக்கு மேல் எடுக்கும். இதை வாசிக்கும்போது நல்லதாகத்தானே தெரிகிறது, யோசிக்க நேரம் கிடைக்கிறதே என்று? ஆனால் அதே கணக்கு துள்ளலுக்கும் பொருந்தும். உன் கப்பலின் கால்களில் இருக்கிற ஸ்பிரிங் அதைச் செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்தில் மேலே எகிற வைத்தது என்று வை. பூமியில் அது 5 சென்ரிமீற்றர் எழும்பித் திரும்பக் குந்திவிடும், நீ கவனிக்கக்கூட மாட்டாய். பொல்லிலோ ஒன்றே கால் மீற்றருக்கும் மேலே எழும்பி 5 செக்கனுக்கு மேல் அந்தரத்தில் நிற்கும். அந்த 5 செக்கனிலும் உன்னிடம் பக்கவாட்டு வேகம் மிச்சம் இருந்தால் கப்பல் நகர்ந்துகொண்டே இருக்கும், கொஞ்சம் சுழற்சி இருந்தால் சரிந்துகொண்டே இருக்கும், பிறகு ஒரு காலில் மட்டும் இறங்கும். அப்புறம் நீ சொன்ன புரளல்தான்.

ஆகவே பொல்லில் நீ கவனிக்க வேண்டியது கீழ்நோக்கிய வேகத்தை விடப் பக்கவாட்டு வேகத்தை. முன் நிலவைச் சுற்றும்போது செக்கனுக்கு 550 மீற்றர் அளவில் ஓடுகிறாய், பொல்லைத் தரையை ஒட்டிச் சுற்றினால் 128 மீற்றர்தான். இந்த 128 ஐ முழுக்கக் கொன்றுவிட்டால் மிச்ச வேலையை ஈர்ப்பு ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளும். முன் நிலவில் பழகிய கை கடைசி நிமிடம்வரை பொறுத்திருந்து ஒரேயடியாக எஞ்சினைத் திறக்கும், அது இங்கே ஆகாது. வாவியில் தோணியைத் துறைக்குக் கொண்டு வருகிறவர் கரையில் முட்டுகிற நேரத்தில் துடுப்பைக் குத்தி நிறுத்துவதில்லை, தூரத்திலேயே ஓட்டத்தைக் குறைத்துவிட்டு, மிச்சத்தைத் தண்ணீரிடம் விட்டுவிடுவார். நீயும் ஒரு கிலோமீற்றர் உயரத்திலேயே பக்கவாட்டு வேகத்தைப் பூச்சியமாக்கிவிட்டு நேராக இறங்கு.

அடுத்தது எஞ்சின். உன் கப்பல் 5 தொன், டெரியர் எஞ்சின் பூட்டியிருக்கிறாய் என்று எடுத்துக்கொள்வோம். வெற்றிடத்தில் அதன் உந்துவிசை 60 கிலோநியூட்டன். பொல்லில் உன் கப்பலின் நிறை 2 கிலோநியூட்டன்கூட வராது. 30 மடங்குக்கு மேற்பட்ட பலத்தை வைத்துக்கொண்டு மெதுவாக இறக்கப் பார்த்தால், திறப்பை ஒரு மயிரிழை தொட்டாலே மேலே போகும், விட்டால் கீழே வரும். எஞ்சினை வலது கிளிக் செய்து உந்துவிசை வரம்பை 5 அல்லது 10 சதவீதத்துக்கு இறக்கிவிடு. இதைச் செய்யாமல் பொல்லில் சண்டை பிடிக்கிற ஆட்கள் எத்தனையோ பேர், இது அவர்களுடைய கைத்திறன் பிரச்சினையே இல்லை.

தரையைத் தொடும்போது வேகம் செக்கனுக்கு அரை மீற்றருக்குக் கிட்ட இருந்தால் போதும். தொட்ட உடனேயே ஆர்.சி.எஸ். (கப்பலின் சிறு உந்திகள்) கொண்டு கீழ்நோக்கி ஒரு தள்ளுத் தள்ளிக்கொண்டிரு, கால்கள் அடங்கும்வரை. கால்களின் ஸ்பிரிங்கைக் குறைத்து, அதிர்வை அடக்குகிற அளவைக் கூட்டி வை. கால்களை முடிந்தளவு அகலமாகப் பூட்டு, உயரமான ஒல்லிக் கப்பலை அங்கே கொண்டுபோகாதே. இன்னொன்று, சரிவில் நின்றுவிட்டால் கப்பலைத் தானாக நிலைப்படுத்துகிற எஸ்.ஏ.எஸ். ஐ அணைத்துவிட்டுப் பார், சில நேரம் கப்பலின் சுழல் சக்கரங்களே தரையோடு மல்லுக்கட்டி அதைத் தூக்கிப் போடும். இவ்வளவு குறைந்த ஈர்ப்பில் அந்தச் சக்கரங்களின் பலம் கப்பலின் நிறைக்கு முன்னால் மிகப் பெரியது. அதே பலம் நல்லதுக்கும் உதவும்: கப்பல் விழுந்து கிடந்தால் குயிக்லோட் பண்ண (சேமித்த கட்டத்துக்குத் திரும்ப) ஓடாதே, சக்கரங்களாலேயே அதை நிமிர்த்திப் பார், பொல்லில் அநேகமாக நிமிரும்.

கேள்வி: நானும் கூட்டாளியும் பந்தயம். அவன் முதலில் பொப்புக்குப் போகலாம் என்கிறான், அது ஜூலுக்குக் கிட்டவாம். நான் பொல் என்கிறேன். யார் சரி?
*காத்தான்குடி வாசகர்*

பதில்: நீங்கள்தான் சரி தம்பி. ஆனால் கூட்டாளி சொன்ன காரணத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பொப் ஜூலிலிருந்து சராசரியாக 128,500 கிலோமீற்றர் தூரத்தில், பொல் கிட்டத்தட்ட 179,900 கிலோமீற்றரில். சராசரியில் பொப் கிட்டத்தான். ஆனால் இரண்டின் பாதையும் நீள்வளையம், பொப்பினுடையது இன்னும் கூடுதலாக நீண்டது. பொப் ஜூலுக்குக் கிட்ட வரும்போது 98,300, விலகிப் போகும்போது 158,700. பொல் கிட்ட வரும்போது 149,200 க்குக் கொஞ்சம் உள்ளே, விலகும்போது 210,600. ஆக பொப் தன் பாதையின் வெளி ஓரத்தில் இருக்கும்போது, பொல் தன் பாதையின் உள் ஓரத்தில் இருப்பதை விட அது ஜூலுக்குத் தொலைவில் இருக்கும். தூரத்தை மட்டும் வைத்து இரண்டையும் வரிசைப்படுத்த முடியாது.

எரிபொருளைத் தின்பது தூரம் இல்லை, சரிவு. பொப்பின் பாதை 15 பாகை சரிந்தது, பொல்லினுடையது 4.25 பாகை. பொப்பின் தூரத்தில் ஜூலைச் சுற்றும் வேகம் செக்கனுக்கு 1,480 மீற்றர் அளவில் வரும். அந்த வேகத்தில் ஓடிக்கொண்டு உங்கள் பாதையின் தளத்தை 15 பாகை திருப்ப வேண்டும் என்றால் 390 மீற்றருக்குக் கிட்ட டெல்டா வி (எரிபொருள் எரித்துப் பெறுகிற வேக மாற்றம்) செலவாகும். பொப்பின் தரையிலிருந்து கிளம்பி அதன் ஈர்ப்பை விட்டே ஓடிப்போவதற்கு வேண்டியது 277 மீற்றர்தான் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிலவை விட்டுப் போவதை விட அதன் தளத்துக்குத் திரும்புவது விலை கூட! பொல்லுக்கு அதே திருப்பம் 90 சொச்சம் மீற்றரில் முடிந்துவிடும்.

பொப்புக்குப் போகவே கூடாது என்று சொல்லவில்லை. தளத்தைத் திருப்புகிற வேலையை எங்கே செய்ய வேண்டும் என்று படிக்க அதை விட நல்ல இடம் இல்லை. வேகம் குறைவான இடத்தில் திருப்பினால் செலவு குறைவு, ஆகவே கேர்பினிலிருந்து வருகிற வழியிலேயே, ஜூல் இன்னும் வெகு தூரத்தில் இருக்கும்போது, சின்னத் திருத்தம் ஒன்றால் ஜூலுக்கு மேலாகவோ கீழாகவோ நுழையும்படி வைத்துக்கொண்டால் அந்த 390 இல் பெரும்பங்கு மிச்சம். உள்ளே வந்து வட்டமடித்த பிறகு திருப்பப் போனால் தாங்கி காலி.

தரையும் வேறு. பொப்பின் மலைகள் கிட்டத்தட்ட 22 கிலோமீற்றர் உயரம்வரை போகும், 65 கிலோமீற்றர் ஆரையுள்ள ஒரு கல்லுக்கு! தாழப் பறந்து அழகு பார்க்கலாம் என்று 15 கிலோமீற்றரில் சுற்றினால் மலையில் மோதலாம். பொல்லின் மலைகள் அதை விட மிகவும் தாழ்வு. ஆகவே இறங்கப் பழக பொல், வழி கணக்குப் பார்க்கப் பழக பொப். பொப்பில் இறங்கினால் சும்மா கொடியை நட்டுவிட்டு வராமல் தேடிப் பாருங்கள், அங்கே ஒரு பெரிய உயிரினத்தின் உடலை விளையாட்டைச் செய்தவர்கள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். எந்த இடம் என்று நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: பொல்லில் கேர்பல் ஆள் பாய்ந்தால் சுற்றுப்பாதைக்குப் போய்விடுவாரா?
*கல்முனை வாசகி*

பதில்: பாய்ந்து போக முடியாது தங்கச்சி, 128 மீற்றர் வேகம் காலுக்கு வராது. முதுகில் இருக்கிற ஜெட் பையால் போகலாம், அதில் ஏறக்குறைய 600 மீற்றர் டெல்டா வி இருக்கிறது. கப்பலே இல்லாமல் பொல்லின் தரையிலிருந்து கிளம்பி, வட்டமடித்து, திரும்பவும் இறங்கலாம். பொப்பிலும் முடியும். நிஜத்தில் பாய்ந்தே தப்புவதென்றால் செவ்வாயின் டீமோஸ் மாதிரி இடம் வேண்டும், அங்கே தப்பிச்செல்லும் வேகம் செக்கனுக்கு 6 மீற்றருக்கும் குறைவு, வேகமாக ஓடுகிற ஒரு மனிதரின் வேகம்.

கேள்வி: விளையாட்டு உண்மையான பௌதிகவியலைப் பின்பற்றுகிறது என்கிறார்கள். ஆனால் 44 கிலோமீற்றர் ஆரைக்கு 0.373 என்பது எனக்கு இடிக்கிறது. உண்மையான ஒழுங்கற்ற துணைக்கோள்களோடு (கோளை விட்டுத் தொலைவில், சரிந்து நீண்ட பாதைகளில் சுற்றுகிற நிலவுகளோடு) ஒப்பிட்டு எழுத முடியுமா?
*வந்தாறுமூலை, விஞ்ஞான பீட மாணவி*

பதில்: இடிக்கத்தான் வேண்டும், நல்ல கண் உங்களுக்கு. மேற்பரப்பு ஈர்ப்பிலிருந்தும் ஆரையிலிருந்தும் அடர்த்தியைக் கணக்கிட்டுப் பாருங்கள். பொல்லுக்குக் கன சென்ரிமீற்றருக்கு 30 கிராம் வரும், பொப்புக்கு 32 இற்கு மேல். பூமியில் கிடைக்கிற தனிமங்களில் அடர்த்தி கூடிய ஒஸ்மியமே 22.6 தான். விளையாட்டின் உலகத்தையே இப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்: கேர்பினின் ஆரை 600 கிலோமீற்றர், பூமியினதில் பத்தில் ஒன்றுக்கும் குறைவு, ஆனால் ஈர்ப்பு பூமியைப் போலவே. அப்படியானால் அடர்த்தி பத்து மடங்குக்கு மேல் வந்தாக வேண்டும். இதனால் என்ன லாபம் என்றால், பூமியில் சுற்றுப்பாதைக்குப் போக செக்கனுக்கு 7.8 கிலோமீற்றர் வேகம் வேண்டும், கேர்பினில் 2.3 கிலோமீற்றர் அளவு போதும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு பயணத்தை முடிக்க முடிகிறது. இது நியாயமான விட்டுக்கொடுப்பு என்பது என் எண்ணம், ஏனென்றால் அளவுகள்தான் சுருங்கியிருக்கின்றன, சமன்பாடுகள் அப்படியேதான்.

நிஜத்தில் சனியின் ஃபீபியை எடுங்கள். விட்டம் சுமார் 213 கிலோமீற்றர், பொல்லை விட இரண்டு மடங்குக்கும் மேல் பெரியது. ஆனால் அதன் மேற்பரப்பு ஈர்ப்பு 0.05 அளவுதான், பொல்லினதில் ஏழில் ஒன்றுக்கும் குறைவு. அடர்த்தி 1.6 சொச்சம், அதாவது பனிக்கட்டியும் பாறையும் கலந்தது. 1899 இல் வில்லியம் ஹென்றி பிக்கரிங், பெருநாட்டின் அரெக்கிப்பாவில் அதற்கு முந்திய வருடம் எடுத்த புகைப்படத் தட்டுகளை ஆராய்ந்து அதைக் கண்டுபிடித்தார். கண்ணால் பார்க்காமல் புகைப்படம் மூலம் கண்டுபிடிக்கப்பட்ட முதல் துணைக்கோள் அதுதான். கசினி விண்கலம் 2004 ஜூன் 11 இல் சனியின் சுற்றுப்பாதைக்குள் நுழையப் போகிற வழியில் 2,000 கிலோமீற்றர் அளவு தூரத்தில் அதைக் கடந்து படம் பிடித்தது. அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள், கரியைப் போல இருண்ட தரை, பள்ளத்துக்குள் பள்ளம், சில சுவர்களில் வெள்ளையாகப் பனி. பொப்பைச் செய்தவர்களின் மனதில் இருந்தது இந்த மாதிரி ஒன்றாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

மற்ற வித்தியாசங்களும் இருக்கின்றன. பொப்பும் பொல்லும் ஜூலுக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுகின்றன. ஃபீபி அப்படி இல்லை, 9 மணித்தியாலம் சொச்சத்தில் தன்னைத் தானே சுற்றும். சனியை ஒருமுறை சுற்றிவர அதற்கு 550 நாள் வேண்டும், பொல்லுக்கு ஜூலைச் சுற்ற நம் கணக்கில் பத்தரை நாள். முக்கியமாக, ஃபீபி பின்னோக்கிச் சுற்றுகிறது, சனி சுழலுகிற திசைக்கு எதிராக. நிஜ ஒழுங்கற்ற துணைக்கோள்களில் பெரும்பாலானவை அப்படித்தான். பொப், பொல் இரண்டும் முன்னோக்கித்தான் போகின்றன.

இந்தப் பின்னோக்கிய ஓட்டத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது, விளையாட்டு சொல்லித்தராத காரணம். விளையாட்டு ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளின் ஈர்ப்பைத்தான் கணக்கில் எடுக்கும். ஜூலின் எல்லைக்குள் நுழைந்ததும் சூரியனின் ஈர்ப்பு நின்றுவிடும், பொப்பின் எல்லைக்குள் போனதும் ஜூலினதும் நின்றுவிடும். நிஜத்தில் சூரியன் விடவே விடாது. வியாழனின் பிடி ஏறத்தாழ 53 மில்லியன் கிலோமீற்றர்வரை போனாலும், அதன் வெளி நிலவுகள் 24 மில்லியன் கிலோமீற்றர் அளவில்தான் சுற்றுகின்றன, அதற்கு அப்பால் சூரியனின் இழுப்பு நாளடைவில் பாதையைக் கலைத்துவிடும். பின்னோக்கிச் சுற்றுகிற பாதைகள் இந்தக் கலைப்பைக் கூடுதலாகத் தாங்கும், ஆகவே தொலைவில் மிஞ்சியிருப்பவை அநேகமாக அவைதான். செங்குத்தாகச் சரிந்த பாதைகளும் மிஞ்சவில்லை. சூரியன் அந்தப் பாதைகளை நீட்டி நீட்டி, கடைசியில் நிலவை உள் நிலவுகள் இருக்கும் இடத்துக்கோ கோளின் மேலேயே கொண்டுபோய் மோதவோ, வெளியே தப்பவோ விட்டுவிடும்.

இதை வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. பிரின்சிபியா என்று ஒரு மொட் (விளையாட்டோடு சேர்த்துப் போடுகிற மாற்று நிரல்) இருக்கிறது, அதைப் போட்டால் எல்லாப் பொருள்களும் எல்லாவற்றையும் இழுக்கும். அந்த நிஜக் கணக்கைப் போட்டபோது ஜூலின் நிலவுத் தொகுதி இருந்தபடி நிலைக்கவில்லை, மொட்டைச் செய்தவர்கள் சில பாதைகளை மாற்ற வேண்டி வந்தது. பொப்பை என்ன செய்தார்கள் தெரியுமா? பின்னோக்கிச் சுற்ற விட்டார்கள். இயற்கை ஃபீபிக்குச் செய்ததையே அவர்களும் பொப்புக்குச் செய்ய வேண்டியதாயிற்று. உங்கள் பீடத்தில் யாருக்காவது செயற்றிட்டத்துக்குத் தலைப்பு வேண்டும் என்றால் இதிலேயே இரண்டு மூன்று கிடக்கின்றன.

கேள்வி: ஒழுங்கற்ற நிலவுகள் எல்லாம் வெளியிலிருந்து பிடிபட்டவை என்று எங்கள் டீச்சர் சொன்னார். ஒரு கோள் எப்படி ஒரு கல்லைப் பிடிக்கும்?
*திருக்கோவில், 11 ஆம் தர மாணவி*

பதில்: டீச்சர் சொன்னது சரி மகள். அடுத்த கேள்விதான் கஷ்டமானது, அதை நீ கேட்டிருக்கிறாய்.

வெளியிலிருந்து ஒரு கல் கோளின் பக்கம் வந்தால் ஈர்ப்பால் வேகம் கூடி உள்ளே வரும், வளையும், கூடின அதே வேகத்தைத் திரும்பக் கொடுத்துவிட்டு வெளியே போய்விடும். கோளும் கல்லும் மட்டும் இருந்தால் பிடிபடவே முடியாது. ஜூலுக்கு எரிபொருள் இல்லாமல் போன ஆட்களுக்கு இது நன்றாகத் தெரியும், கப்பல் அழகாக வளைந்து வந்து அப்படியே மற்றப் பக்கத்தால் போய்விடும். அவர்களுக்கு மூன்று வழி உண்டு: எஞ்சினை எரிப்பது, ஜூலின் மேல் வாயுவுக்குள் நுழைந்து உராய்வால் வேகத்தைக் குறைப்பது, அல்லது டைலோ மாதிரிப் பெரிய நிலவின் முன் பக்கத்தால் உரசிப் போய் அதனிடம் வேகத்தைக் கொடுத்துவிடுவது.

கல்லுக்கு எஞ்சின் இல்லை. மற்ற இரண்டு வழியும் அதற்கும் உண்டு. கோள்கள் உருவான காலத்தில் அவற்றைச் சுற்றி அடர்த்தியான வாயு இருந்தது, அதற்குள் வந்த கற்கள் வேகத்தை இழந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. மூன்றாவது ஒரு பொருள் வேகத்தை வாங்கிக்கொண்டு போவது இன்னொன்று. நெப்டியூனின் ட்ரைட்டன் பெரிய நிலவு, அதுவும் பின்னோக்கிச் சுற்றுகிறது. அது இரட்டையாக வந்து, ஒன்று நெப்டியூனோடு நின்று மற்றது வேகத்தை எடுத்துக்கொண்டு ஓடிப்போயிருக்கலாம் என்று விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ராட்சதக் கோள்களே ஆரம்பத்தில் ஒன்றுக்கொன்று கிட்ட வந்து போனபோது பல கற்கள் பிடிபட்டன என்றும் சொல்கிறார்கள்.

பிடிபட்ட பிறகும் கதை முடியவில்லை. அவை மோதி உடைந்து, துண்டுகள் ஒரே மாதிரிப் பாதைகளில் கூட்டமாகச் சுற்றுகின்றன. வியாழனில் ஹிமாலியா கூட்டம், கார்மி கூட்டம், அனான்கி கூட்டம் என்று பெயர்களே உண்டு. சனிக்கு மட்டும் 2025 மார்ச்சில் ஒரேயடியாக 128 புதிய நிலவுகள் அறிவிக்கப்பட்டு மொத்தம் 274 ஆனது, அந்தப் புதியவை எல்லாமே இந்த ஒழுங்கற்ற வகைதான், சில கிலோமீற்றர் அளவுத் துண்டுகள். பாடப்புத்தகத்தில் நிலவு என்றதும் உருண்டையாக ஒன்றை வரைந்து காட்டுகிறார்கள். எண்ணிக்கையில் பார்த்தால் சூரியக் குடும்பத்தின் நிலவுகளில் பெரும்பான்மை உருண்டையே இல்லாத இந்தக் கற்கள்தான், இதை நீ டீச்சரிடமும் சொல்.

கேள்வி: பொல்லில் எரிபொருள் தோண்டலாம் என்று வீடியோவில் பார்த்தேன். சோலர் பெனல் எல்லாம் பூட்டிக்கொண்டு போனேன், மெஷின் ஓடவே இல்லை.
*வாழைச்சேனை வாசகர்*

பதில்: வெயில் காணாது தம்பி. ஜூல் சூரியனிலிருந்து கேர்பினை விட 5 மடங்கு தொலைவு, ஆகவே வெளிச்சம் 25 இல் ஒரு பங்கு. கேர்பினில் 100 கொடுத்த பெனல் அங்கே 4 கொடுக்கும். நிஜ வியாழனிலும் கிட்டத்தட்ட இதே கதைதான், அதனால்தான் 2016 இல் அங்கே போய்ச் சேர்ந்த ஜூனோ விண்கலம் அவ்வளவு பெரிய மூன்று இறக்கைகளை விரித்துக்கொண்டு போனது. தோண்டுகிற மெஷினும் கனிமத்தை எரிபொருளாக்குகிற மெஷினும் மின்சாரத்தைக் குடிப்பவை, நீங்கள் எரிபொருள் மின்கலங்களைக் கொண்டுபோங்கள். செய்கிற எரிபொருளில் கொஞ்சத்தை அவை எரிக்கும், பெரிய மாற்றி மெஷினாக இருந்தால் அது போகவும் தாங்கி நிறையும். இறங்க முன் சுற்றுப்பாதையிலிருந்து ஸ்கேன் பண்ணி, கனிமம் கூடின இடமாகப் பாருங்கள், எல்லா இடத்திலும் ஒரே அளவு இருக்காது.

பொல்லை எரிபொருள் நிலையமாக்குவது மிகச் சரியான யோசனை. நிரம்பிய தாங்கியோடு மேலே ஏற 130 மீற்றர் அளவு டெல்டா வி போதும், டைலோவில் என்றால் 2,000 இற்கு மேல். மின்சாரத்துக்கு வழி இருந்தால் டோன் அயன் எஞ்சினிலேயே இறங்கலாம், அதன் உந்துவிசை 2 கிலோநியூட்டன்தான், ஆனால் பொல்லில் அதுவே 5 தொன் கப்பலைத் தூக்கும். ஜூல் தொகுதியில் அயன் எஞ்சினில் இறங்கி ஏற இதை விட வசதியான நிலவு கிடையாது.

கேள்வி: என் மகன் இரவு பகலாக இந்த விளையாட்டுத்தான். ரொக்கெட் என்கிறான், ஜூல் என்கிறான். அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை. நிறுத்தச் சொல்லவா?
*சம்மாந்துறை, ஒரு தந்தை*

பதில்: நிறுத்தச் சொல்ல வேண்டாம் ஐயா, ஒரு நிபந்தனை போடுங்கள். அடுத்த பயணத்துக்கு முன் கொப்பியில் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்: பொப்பின் ஈர்ப்பையும் ஆரையையும் வைத்துச் சுற்றும் வேகம் எவ்வளவு, தப்பிச்செல்லும் வேகம் எவ்வளவு என்று. இரண்டுமே உயர்தரப் பௌதிகவியல் பாடத்தில் வருகிற ஈர்ப்புப் புலமும் வட்ட இயக்கமும்தான். விடை 196 உம் 277 உம் அளவில் வர வேண்டும், விளையாட்டின் திரையிலேயே சரிபார்க்கலாம். கணக்குப் போட முடிந்தால் மகன் படித்துக்கொண்டிருக்கிறார். போட முடியவில்லை என்றால் அவர் வெறுமனே பொத்தான் அமத்துகிறார், அப்போது நேரத்தைக் குறையுங்கள். இரவில் நித்திரை முழிப்பதை மட்டும் எந்த நிபந்தனையோடும் விடாதீர்கள், அதற்குப் பௌதிகவியல் சாட்டு இல்லை.

கேள்வி: உண்மையான ஒழுங்கற்ற நிலவு ஒன்றை எங்கள் ஊர்க் கடற்கரையிலிருந்து பார்க்க முடியுமா?
*பொத்துவில் வாசகர்*

பதில்: கண்ணால் முடியாது, சாதாரணத் தொலைநோக்கியாலும் முடியாது. இருக்கிறவற்றில் பிரகாசமானது வியாழனின் ஹிமாலியா, 1904 இல் சார்ள்ஸ் பெரைன் கலிபோர்னியாவின் லிக் அவதானநிலையத்தில் 36 அங்குலத் தொலைநோக்கியில் புகைப்படம் எடுத்துக் கண்டுபிடித்தது. அதன் பிரகாச எண் (எண் கூடக்கூட மங்கல்) நல்ல நாளில் 14.6 அளவில், ஃபீபி 16 ஐயும் தாண்டி மங்கல். உங்கள் பக்கத்தில் 8 அங்குலத் தொலைநோக்கியும் அதில் பூட்டக்கூடிய கமராவும் யாரிடமாவது இருந்தால் ஹிமாலியாவைப் படத்தில் பிடிக்கலாம்: ஒரே இடத்தை இரண்டு இரவு எடுத்து, எந்தப் புள்ளி நகர்ந்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வியாழனின் வெளிச்சம் படத்துக்குள் வராமல் சட்டத்தைத் தள்ளி வைக்க வேண்டும், ஹிமாலியா வியாழனை விட்டு நன்றாக விலகி நிற்கிற நாள்களாகப் பார்த்து எடுங்கள்.

சாதாரண பைனாகுலர் மட்டும் இருந்தால் வியாழனின் நான்கு பெரிய நிலவுகளைப் பார்க்கலாம், முக்காலியில் வைத்தால் தெளிவாகத் தெரியும். நாம் மத்திய கோட்டுக்கு இவ்வளவு கிட்ட இருப்பதால் வியாழனும் சனியும் நம் தலைக்கு மேலே நன்றாக உயர்ந்து போகின்றன, ஐரோப்பாவில் இருக்கிறவர்களுக்குப் பல வருடங்களில் அந்த வசதி இல்லை. கார்த்திகை, மார்கழியில் மழை முகில் விடாது. மாரி முடிந்து வானம் வெளித்த பிறகு, அறுகம்பை விளக்குகளிலிருந்து தள்ளி, கடல் பக்கமாக ஒரு இருட்டான இடம் பாருங்கள். படம் பிடித்தால் எங்களுக்கு அனுப்பிவையுங்கள், எடுத்த திகதியையும் நேரத்தையும் மறக்காமல் எழுதுங்கள், அவை இருந்தால்தான் அந்தப் புள்ளி ஹிமாலியாவா இல்லையா என்று சரிபார்க்கலாம்.